கன்மலையின் பக்கமாய்ச் சாயுங்கள்



இந்த மாதம் ஒரு படகுக்காரரைப் பற்றி எழுதப்போகிறேன். "என்ன ஐயா, எழுப்புதல் செய்தி எழுதாம படகுக் கதை எழுதுறீங்க?" என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். கலிலேயா கடலில் நம் ஆண்டவரே படகில் ஏறித்தான் உபதேசம் பண்ணினார்.

நம் சபைச் சகோதரி ஒருவருடைய மகன் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் வேலை செய்கிறான். போன வருஷம் விடுமுறைக்கு வந்தபோது அவர்கள் வீட்டில் ஜெபிக்கப் போயிருந்தேன். ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது, கொலராடோ நதியில் ஆறு நாள் ரப்பர் படகில் போய்வந்த கதையைச் சொன்னான். டீ ஆறிப்போய் மேலே ஏடு படிந்துவிட்டது, நான் குடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்த நதியைப் பற்றியும், அதில் ஆட்களை அழைத்துப்போகிற கைடுகளைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன்.

அது வனாந்தர நதி. நம் பக்கத்து ஆறு போல இரு கரையிலும் வயலும் தோப்பும் பார்க்க முடியாது. கிராண்ட் கேன்யன் என்கிற பள்ளத்தாக்கின் அடியில், 277 மைல் தூரம் இரண்டு பக்கமும் மதில் போல நிற்கிற பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. மேல் விளிம்பிலிருந்து ஆழம் ஒரு மைலுக்கும் அதிகம். கோடையில் கீழே வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீரோ கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வருகிறபடியால் விறைக்கிற குளிர். மேலே நெருப்பு, கீழே பனிக்கட்டி என்றான் தம்பி. வழியில் பக்கத்து ஓடைகளின் வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்த பாறைகள் குவிந்து, அதன்மேல் ஆறு கொந்தளித்து விழும் இடங்கள் நிறைய உண்டு. அவற்றை ரேப்பிட் என்கிறார்கள்.

புறப்பட்ட இடம் லீஸ் ஃபெரி. அங்கே தண்ணீர் அமைதியாய் இருக்கிறது. எல்லாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கைடு ஒரு பெண்மணி, வெயிலில் கறுத்த முகம். அவர் முதலில் ஒவ்வொருவராய்க் கிட்டே வந்து லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்து இழுத்து இறுக்கினார். "நானே கட்டிட்டேன்" என்று சொன்னவர்களையும் விடவில்லை. பிறகு பாடம். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகிற திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும். எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் ஆறு ஆளை அமுக்கிவிடும். கடைசியாக ஒரு கட்டளை சொல்லிக்கொடுத்தார். "ஹை சைட்!" என்று நான் கத்தினால், யோசிக்காதீர்கள், பாறை இருக்கிற பக்கமாய்ப் பாய்ந்து விழுங்கள் என்றார்.

இதைக் கவனியுங்கள். வேகமாய்ப் போகிற படகு பக்கவாட்டில் பாறையில் மோதினால் என்ன ஆகும்? பாறையை ஒட்டிய பக்கம் மேலே ஏறும். தண்ணீர் வருகிற பக்கம் தாழும். அந்தச் சமயத்தில் மனுஷன் என்ன செய்வான்? பாறையைப் பார்த்துப் பயந்து அதைவிட்டு விலகிச் சாய்வான். அதுதான் சுபாவம். எல்லாரும் அப்படி விலகினால் பாரமெல்லாம் தாழ்ந்த பக்கம் சேரும், ஆறு அதன்மேல் ஏறும், ஒரு நொடியில் படகு கவிழும். பிழைக்க வேண்டுமானால் எந்தப் பாறையைப் பார்த்துப் பயப்படுகிறோமோ அதன்மேலேயே போய் விழ வேண்டும்.

அந்தப் பெண்மணி இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அசையாத தண்ணீரில், ஒரு பாறையும் இல்லாத இடத்தில் "ஹை சைட்!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மறுபடியும் கத்தினார். வலப்பக்கம், இடப்பக்கம். மத்தியானம் சாப்பிட்டுக் கண் அசந்த நேரத்தில் திடீரென்று கத்தினார். தம்பிக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்ததாம்.

ஐந்தாம் நாள், 77-வது மைல். ஹான்ஸ் என்கிற ரேப்பிட், பாறைகள் நிறைந்த இடம். படகு சுழன்று ஒரு பாறையில் பக்கவாட்டில் அடித்தது. இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேச்சே கேட்காது. "கட்டளை காதுல விழுந்துச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியலை பாஸ்டர். உடம்பு தானாப் போய்ப் பாறைப் பக்கம் விழுந்துருச்சு" என்றான். படகு ஒரு கணம் அப்படியே நின்று, நழுவி, இறங்கிப் போய்விட்டது.

தேவபிள்ளையே, இதைக் கேட்டபோது என் சரீரம் சிலிர்த்தது. அல்லேலூயா! கன்மலை யார் என்று நமக்குத் தெரியாதா? வனாந்தரத்தில் இஸ்ரவேலரோடேகூடச் சென்ற கன்மலை கிறிஸ்துவே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (I கொரிந்தியர் 10:4). தாவீது மனம் சோர்ந்துபோன நேரத்தில் தன்னை எங்கே கொண்டுபோகும்படி கெஞ்சினான் என்று 61-ம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். அவனும் உயரமான பக்கத்தைத்தான் கேட்டான்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? கடன் வந்ததா, முதலில் நிற்பது ஞாயிறு ஆராதனை. "கையில காசில்லாம எப்படி ஐயா சபைக்கு வர்றது, நாலு பேரு கேப்பாங்களே." பிள்ளை பரீட்சையில் தோற்றானா, குடும்ப ஜெபம் நின்றுபோகும். கணவன் மனைவிக்குள் சண்டையா, இரண்டு பேரும் இரண்டு வாரம் கண்ணில் படமாட்டார்கள். உபத்திரவம் வரும்போது தேவன் பயமுறுத்துகிறவர் போலத் தெரிகிறார், விலகிச் சாய்கிறோம். நான் உங்களைக் குற்றப்படுத்தவில்லை. அது சுபாவம் என்றுதானே அந்தக் கைடும் சொன்னார். ஆகையால்தான் அவர் அமைதியான தண்ணீரிலேயே பழக்கினார். நான் உங்களை அப்படிப் பழக்கினேனா என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி. படகு மோதின பிறகு ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஓடிவந்து கூப்பாடு போட்டிருக்கிறேன். நன்றாயிருந்த நாட்களில் உங்கள் வீட்டில் உட்கார்ந்து, "இப்படி ஒரு காரியம் வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டது எத்தனை முறை?

வேதத்திலேயும் ஒரு வனாந்தர கைடு இருக்கிறான், தெரியுமா? எண்ணாகமம் 10-ம் அதிகாரம். பெயர் ஓபாப், மோசேயின் மாமன் ரெகுவேலின் குமாரன், மீதியானியன். மோசே அவனைக் கூட வரும்படி அழைக்கிறான். அவன் மாட்டேன், என் ஊருக்குப் போகிறேன் என்கிறான். மோசே விடவில்லை. வனாந்தரத்தில் எந்த இடத்தில் இறங்கித் தங்கலாம் என்று உனக்குத்தான் தெரியும், நீ எங்களுக்குக் கண்ணைப்போல இருக்க வேண்டும் என்று கெஞ்சுகிறான். நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது இந்த இடத்தில் வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. பகலில் மேகமும் இரவில் அக்கினியும் முன்னே போகும்போது மீதியானியன் எதற்கு, மோசேக்கு விசுவாசம் குறைந்துபோயிற்றா? நானும் அன்றைக்கு ஆம் என்றுதான் வாதாடினேன். இன்றைக்கு அப்படிச் சொல்லமாட்டேன். மேகம் நின்றால் அங்கே இறங்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அந்த இடத்திலே தண்ணீர் எங்கே, பள்ளம் எங்கே, பாம்புப் புற்று எங்கே என்று காட்ட, அந்த மண்ணிலே வளர்ந்த ஒரு மனுஷன் வேண்டியிருந்தது. அவன் என்ன பதில் சொன்னான் என்று அந்த அதிகாரத்தில் இல்லை. ஆனால் நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் அந்தக் குடும்பத்தார் யூதா புத்திரரோடே இருக்கிறார்கள்!

எந்த இடத்தில் இறங்குவது என்பது கொலராடோ நதியிலும் உயிர்ப்பிரச்சினை. பக்கத்து ஓடை வந்து சேருகிற வாய்க்காலில் மணல் மெத்தை போலிருக்கும், கூடாரம் போட ஆசையாய் இருக்கும். மழைக்காலத்தில் கைடு அங்கே போடவிடமாட்டார். ஏனென்றால் அந்த நாட்டில் வெள்ளம் வர, தலைக்கு மேலே மழை பெய்ய வேண்டியதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அந்த நதிக்குப் பக்கத்தில், ஆன்டெலோப் கேன்யன் என்கிற குறுகலான பாறைப் பிளவுக்குள் இறங்கியிருந்த சுற்றுலாப் பயணிகள் 11 பேர் காட்டாற்று வெள்ளத்தில் அடித்துப்போகப்பட்டு மாண்டார்கள். மழை பெய்தது பல மைல் தூரத்தில். இப்படிப்பட்டவைகளை அறிந்தவர்தான் கைடு. அவர் அண்ணாந்து பார்ப்பது தொடுவானத்தை. நாம் பார்ப்பது தலைக்கு மேலே மட்டும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வெயிலில் மயங்கி விழுகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் குடிக்காதவர்கள் அல்ல. ஒன்றும் சாப்பிடாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து, புத்தி தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகும். அதனால் கைடுகள் உப்புப் பண்டங்களைக் கையில் திணித்து, "சாப்பிடு" என்று மிரட்டுவார்களாம். பிரசங்கத்தை மட்டும் குடித்துக்கொண்டு, ஒரு மனுஷனுக்கும் உப்பாய் இராத விசுவாசிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். சரி, அதை இன்னொரு மாதம் எழுதுகிறேன்.

இந்தக் கைடுகளின் வேலை எப்படிப்பட்டது தெரியுமா? இருட்டோடு எழுந்து எல்லாருக்கும் காப்பி போடுவது அவர்கள். மற்றவர்கள் தட்டெடுத்த பிறகே தங்கள் தட்டை எடுப்பார்கள். மின்சாரத்துக்காக அணையில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து விடுகிறபடியால் இரவில் ஆறு ஏறி இறங்கும். படகு அறுத்துக்கொண்டு போகாதபடிக்கும், மணலில் தரைதட்டிப் போகாதபடிக்கும் நடுராத்திரி எழுந்து கயிற்றைப் பார்ப்பதும் அவர்களே. பலர் படகிலேயே படுக்கிறார்கள். இன்னொன்று, சொல்லக் கூச்சமாய் இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் மனுஷ மலத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். அத்தனை பேருடையதையும் இரும்புப் பெட்டியில் அடைத்து, பயணம் முடியும்வரை படகில் சுமப்பது கைடுகள். தம்பி வந்த படகை ஓட்டிய பெண்மணி பூமியின் பாறைகளைப் பற்றிப் பட்டப்படிப்பு படித்தவராம். பாறையைக் காட்டிப் பாடம் சொன்ன அதே கைதான் அந்தப் பெட்டியையும் தூக்கியது. அடுத்த தடவை சபைக் கழிவறை சுத்தம் செய்கிற முறை வரும்போது முகம் சுளிக்கிற வாலிபர்கள் இதை வாசிக்க வேண்டும். போதகரும்தான்.

பெரிய ரேப்பிட்டில் முதல் படகு இறங்கினதும் போய்விடாது. கீழே ஓரத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒதுங்கிக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் வருகிற எல்லாப் படகும் இறங்கும்வரை காத்து நிற்கும். எனக்கு யோசுவா 3-ம் 4-ம் அதிகாரங்கள் நினைவுக்கு வந்தன. அதுவும் ஒரு வனாந்தர நதிதானே! யோர்தான் கரைபுரண்டு ஓடுகிற அறுப்புக்காலம். ஆசாரியர்கள் முதலாவது காலை வைத்தார்கள். ஜனங்கள் எல்லாரும் கடந்து தீருமட்டும் நடு ஆற்றிலே நின்றார்கள். கடைசியாகக் கரையேறினார்கள்.

இப்போது ஒரு பழைய சம்பவம். முதன்முதலில் அந்தக் கேன்யன் முழுவதையும் படகில் கடந்து அதை ஆராய்ந்து எழுதியவர் ஜான் வெஸ்லி பவல். பெயரைப் பார்த்தாலே தெரியும், தகப்பனார் மெதடிஸ்டு பிரசங்கியார். 1862-ல் ஷைலோ யுத்தத்தில் பவல் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு 1869 மே 24-ந்தேதி, தன்னோடு சேர்த்துப் பத்துப் பேர், நாலு படகு என்று புறப்பட்டார். துடுப்புப் போட்டவர்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், எதிரே வருவது அவர்களுக்குத் தெரியாது. ஜூன் மாதத்திலேயே ஒரு படகு பாறையில் நொறுங்கிற்று. ஒருவர் ஜூலையில் பிரிந்துபோனார். ஆகஸ்ட் கடைசியில் மிச்சமிருந்தது பூசணம் பிடித்த மாவும், காய்ந்த ஆப்பிளும், காப்பியும். அப்போது ஒரு பயங்கரமான ரேப்பிட் முன்னால் வந்தது. மூன்று பேர், இனி முடியாது, மேலே ஏறி நடந்து போகிறோம் என்றார்கள். அந்த இரவு பவலும் தூங்கவில்லை, தாமும் போய்விடலாமா என்று மணலில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்ததாகத் தாமே எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் 28-ந்தேதி காலை அந்த மூவரும் பிரிந்து போனார்கள். மற்ற ஆறு பேரும் படகில் இறங்கினார்கள். மறுநாளே, ஆம், மறுநாளே பள்ளத்தாக்கு முடிந்து வெளி தெரிந்தது! நடந்து போன மூவரும் ஊர் சேரவே இல்லை.

இதை வைத்து அந்த மூவரையும் பின்வாங்கிப்போனவர்கள் என்று நான் திட்டப்போவதில்லை. ஒரு நிமிஷம் அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். வயிற்றில் பசி. முன்னால் இன்னும் எத்தனை நாள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. "இதுதான் கடைசிப் பெரிய கொந்தளிப்பு, நாளைக்கு வெளியே போயிடலாம்" என்று ஒரே ஒரு கைடு சொல்லியிருந்தால் போதுமே! நமக்கோ முன்னாலே பிரவேசித்த ஒருவர் இருக்கிறார் என்று எபிரெயர் 6-ம் அதிகாரம் சொல்லுகிறது. அவர் திரைக்குள்ளாய்ப் போய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஸ்தோத்திரம்!

இத்தோடு முடித்திருந்தால் இது நல்ல பிரசங்கம். ஆனால் நான் வாசித்ததில் ஒரு காரியம் என்னைத் தூங்கவிடவில்லை, அதை மறைத்தால் உங்களுக்கு உண்மையுள்ளவனாய் இருக்கமாட்டேன். 1995-ல், அந்த நதியில் பல வருஷம் படகோட்டிய ஒரு கைடு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். நண்பர்கள் அவரை 'வேல்' என்று கூப்பிடுவார்கள், ஆங்கிலத்தில் திமிங்கலம். எத்தனையோ பேருடைய லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிவிட்ட மனுஷன். சீசன் முடிந்தால் கைடுகளுக்கு வேலை இல்லை, வருமானம் இல்லை, சுற்றி இருந்த கூட்டமும் இல்லை. அவர் போன பிறகு தோழர்கள் கூடி அழுது, அந்தப் பட்டப்பெயராலேயே வேல் ஃபவுண்டேஷன் என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். கைடுகளுக்கு மன ஆலோசனைக்கும் உடல்நலத்துக்கும் உதவி செய்வதே அதன் வேலை.

பிரியமானவர்களே, இரண்டு வருஷத்துக்கு முன் எட்டு மாதம் நான் சரியாய்த் தூங்கவில்லை. பகலில் கணக்கு எழுதுகிற வேலை, சாயங்காலம் வீடு சந்திப்பு, ராத்திரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. ஞாயிறு காலையில் மேடையேறி, சந்தோஷமாயிருங்கள் என்று சத்தமிட்டேன். கீழே இறங்கினால் உள்ளே ஒன்றுமே இல்லை. விடியாமலே போனால் நல்லது என்று நினைத்த இரவுகளும் உண்டு. என் மனைவிக்கும் சொல்லவில்லை. ஊழியக்காரன் சோர்ந்துபோனேன் என்று சொல்லலாமா, சபை என்ன நினைக்கும்? கன்மலையைப் பிரசங்கித்துக்கொண்டே கன்மலையை விட்டு விலகிச் சாய்ந்துகொண்டிருந்தேன்.

பின்வரிசையில் உட்காருகிற ஒரு தாயார் ஒருநாள் ஜெபத்துக்கு வந்து நின்றார்கள். தலையில் கை வைத்து ஜெபித்து முடித்தேன். அவர்கள் போகாமல் நின்று, "ஐயா, எல்லாரு தலையிலயும் நீங்க கை வைக்கிறீங்க. உங்க தலையில யாரு கை வைக்கிறாங்க?" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. "கர்த்தர் வைக்கிறாரம்மா" என்று சட்டென்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அந்தத் தாயார் என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். நீண்ட ஜெபம் ஒன்றும் இல்லை. பிறகு, "டாக்டரையும் பாருங்க ஐயா" என்றார்கள். பார்த்தேன். மாத்திரையும் சாப்பிட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை, அது விசுவாசக் குறைவும் இல்லை. மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊரும் வெறும் உபதேசம் சொல்லவில்லை, உட்காரும்படி அவன் கீழே ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள் (யாத்திராகமம் 17).

உங்களில் யாராவது என்னைப்போல ராத்திரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால், ஞாயிறுவரை காத்திராதேயுங்கள். எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். என்னிடம் சொல்லக் கூச்சமாயிருந்தால் அந்தத் தாயாரிடம் சொல்லுங்கள். அவர்கள் யார் என்று இப்போது பாதிப்பேர் கண்டுபிடித்திருப்பீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பிரசங்கம் கிடையாது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, கஷ்டம் வந்தால் முதலில் யாரிடம் போவேன் என்று ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி, ஒருவர் தலையில் ஒருவர் கை வைத்து ஜெபிக்கப்போகிறோம். இப்போது எல்லாம் சுகமாயிருக்கிறவர்கள் கட்டாயம் வாருங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், லீஸ் ஃபெரியில் அவர்களும் சிரித்தார்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பம்.

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள் சகோதரன்.